பத்து கெஜம், நான்கு வாய்ப்பு

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் பெங்களூரு மென்பொருள் அலுவலகங்களில், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை, திங்கட்கிழமை மாலைக் கூட்டம் எப்படியும் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் சூடுபிடிக்கும். அமெரிக்காவில் அப்போது திங்கள் காலை. ஞாயிற்றுக்கிழமை நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பேசித் தீர்க்காமல் அவர்களுக்கு வேலை ஓடாது. ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவைப்பார்கள். 'இதை இப்போதைக்குப் பண்ட் செய்துவிடலாம்' என்று மேலாளர் சொன்னால் தள்ளிப்போடச் சொல்கிறார் என்பது புரியும். அது என்ன பண்ட் என்பதுதான் புரியாது.

இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் நமக்குத் திங்கள் விடியற்காலை ஐந்து மணிவாக்கில் தொடங்குகிறது. ஆர்வத்தில் அலாரம் வைத்து எழுந்தவர்களிலும் பலர் கால் மணி நேரத்தில் மறுபடி போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கால்பந்து பார்த்துப் பழகிய கண், பந்து ஓடிக்கொண்டே இருக்கும் என்று காத்திருக்கிறது. இங்கே பந்து நான்கைந்து விநாடி ஓடுகிறது. பிறகு அரை நிமிடம் எல்லோரும் வட்டமாகக் கூடி ரகசியம் பேசுகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது 11 நிமிடம் அளவுக்குத்தான். மீதி நேரமெல்லாம் யோசனையும் விளம்பரமும்.

இந்த ஆட்டத்துக்குப் பெங்களூருவின் பெயரில் ஒரு தொழில்முறை அணியே இருந்தது. 2011-இல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்ற போட்டித்தொடர் அறிவிக்கப்பட்டது. புகழ்பெற்ற பயிற்சியாளர் மைக் டிட்கா, முன்னாள் வீரர் கர்ட் வார்னர், ஹாலிவுட் நடிகர் மார்க் வால்பெர்க் போன்றவர்கள் அதன் பின்னால் நின்றார்கள். 2012-இல் நடந்த முதல் பருவத்தில் பெங்களூரு வார்ஹாக்ஸ், புனே மராட்டாஸ், டெல்லி டிஃபெண்டர்ஸ் முதலிய அணிகளோடு இலங்கையின் கொழும்பு லயன்ஸும் களமிறங்கியது. ஆட்டங்களைக் கொழும்பின் சுகததாச அரங்கில் நடத்தி, படம்பிடித்து, பிறகு தொலைக்காட்சியில் காட்டினார்கள். கோப்பை புனேவுக்குப் போனது. வார்ஹாக்ஸ் என்ற பெயர் இன்று பெங்களூருவில் பத்துப் பேருக்கு நினைவிருந்தால் ஆச்சரியம். பணமும் பிரபலங்களும் இருந்தும் தொடர் வேரூன்றாமல் போனதற்கு என் கணக்கில் ஒரு காரணம் முக்கியமானது. பள்ளி மைதானத்தில் யாரும் ஆடிப் பார்க்காத ஆட்டத்தை முதலில் டிவியில் காட்டினார்கள். விதி தெரியாமல் ஒருவர் எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்?

விதி ஒன்றும் பிரம்மரகசியம் இல்லை. கபடி தெரிந்தவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். கபடியில் ஆட்டம் ஒரே ஓட்டமாக ஓடுவதில்லை. ஒரு ரெய்டு, அதன் முடிவு, மறுபடி இரு தரப்பும் தத்தம் இடத்தில் நிற்பது, அடுத்த ரெய்டு. அமெரிக்கக் கால்பந்திலும் அப்படியே. ஒரு முயற்சிக்கு டவுன் என்று பெயர். பந்து வைத்திருப்பவரைப் பிடித்துத் தரையில் சாய்த்தால் அந்த டவுன் முடிந்தது. கபடியில் நடுக்கோடு அசையாது; இங்கே கோடு நகர்கிறது. ஒருவர் எங்கே விழுந்தாரோ அங்கிருந்துதான் அடுத்த முயற்சி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு டவுன்கள். அதற்குள் குறைந்தது பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், புதிதாக நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். திரையின் மூலையில் 'மூன்றாவது, 7' என்று காட்டுகிறார்களே, அதற்கு மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு கெஜம் பாக்கி என்று பொருள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் பிடிபட்டுவிடும்.

மைதானம் 100 கெஜ நீளம். இரு முனையிலும் எண்ட் ஸோன் என்ற பத்து கெஜப் பட்டை. அகலம் 53 கெஜத்துக்குச் சற்று அதிகம். பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் நுழைந்தாலோ உள்ளே நின்று பந்தைப் பிடித்தாலோ டச்டவுன், ஆறு புள்ளி. அதற்குப் பிறகு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு: உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஒரு புள்ளி, மறுபடி ஓடியோ எறிந்தோ உள்ளே சேர்த்தால் இரண்டு. டச்டவுன் கைகூடாது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைக்கலாம். அதற்குப் பெயர் ஃபீல்டு கோல், மூன்று புள்ளி. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே சாய்த்தால் சாய்த்தவர்களுக்கு இரண்டு புள்ளி. ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். ஆனால் தாக்கும் பதினோரு பேரும் தடுக்கும் பதினோரு பேரும் உதைக்க வருபவர்களும் வெவ்வேறு ஆட்கள். பந்து கைமாறியதும் ஒரு கூட்டம் வெளியேறி இன்னொரு கூட்டம் உள்ளே வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

இந்த டவுன் விதி சலிப்பில் பிறந்தது. ரக்பியிலிருந்து கிளைத்துவந்த ஆட்டத்தில், இரு அணிகளும் பந்துக்காகக் குவியலாக முட்டி மோதுவதை 1880-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் மாற்றினார். இரு அணிகளும் எதிரெதிரே ஒரு கோட்டில் நிற்கும், ஒரு தரப்பின் கையில் பந்து இருக்கும், அவர்கள் தொடங்கினால் ஆட்டம் தொடங்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஓட்டை ஒன்று இருந்தது. பந்தை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது முதல் பாதி முழுவதும் ஒரு அணி பந்தைக் கையிலேயே வைத்திருந்தது; இரண்டாவது பாதி முழுவதும் மற்ற அணி. கோல் இல்லை, பார்க்க வந்தவர்களுக்குக் கொட்டாவிதான் மிச்சம். அடுத்த ஆண்டே கேம்ப் விதி கொண்டுவந்தார்: மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் போ, இல்லாவிட்டால் பந்தைக் கொடு. 1906-இல் ஐந்து பத்தானது. 1912-இல் மூன்று நான்கானது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த எண்களை யாரும் தொடவில்லை.

அந்தப் பத்து கெஜத்தை அளந்த விதம் ஒரு வேடிக்கை. பந்து எங்கே நின்றது என்பதை நடுவர் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வைப்பார். பிறகு, இரு முனையிலும் கம்பு கட்டிய பத்து கெஜச் சங்கிலியை இழுத்துவந்து அங்குல சுத்தமாக அளப்பார்கள்! 2025 பருவத்திலிருந்து அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் அளக்கும் வேலை ஹாக்-ஐ கேமராக்களிடம் போயிருக்கிறது. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ தீர்ப்பில் நாம் பார்த்துப் பழகிய அதே தொழில்நுட்பம்தான். பந்தை வைப்பது இன்னும் நடுவரின் கைதான் என்பதால் வேடிக்கை முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. டிவியில் தரைமேல் தெரியும் மஞ்சள் கோட்டை நிஜக் கோடு என்று நினைப்பவர்கள் உண்டு. 1998-இல் இஎஸ்பிஎன் ஒளிபரப்பில் அறிமுகமான மாயக்கோடு அது. புல்லின் நிறமாக இருக்கும் புள்ளிகளை மட்டும் கணினி தேடி மஞ்சளாக்குகிறது. வீரரின் சட்டையும் தோலும் வேறு நிறம் என்பதால் கோடு அவர் காலுக்கு அடியில் போவதுபோல் தெரிகிறது.

நான்காவது டவுனுக்கு வருவோம். அலுவலகக் கூட்டத்துப் பண்ட் இங்கேதான் இருக்கிறது. மூன்று முயற்சி போய்விட்டது, இன்னும் சில கெஜம் பாக்கி. நான்காவதையும் முயன்று தோற்றால் பந்து அங்கேயே எதிரணிக்கு. அதற்குப் பயந்து, கையிலிருக்கும் பந்தைக் கீழே விட்டு, அது தரையில் படுமுன் எட்டி உதைத்து வெகுதூரம் அனுப்பிவிடுவார்கள். பந்து எதிராளிக்குத்தான் போகும். ஆனால் அவர் நாற்பது கெஜம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். பண்ட் என்பது இதுதான், கௌரவமான பின்வாங்கல். இதில் உதைக்கும் தூரத்தைவிடப் பந்து காற்றில் மிதக்கும் நேரத்துக்கு மதிப்பு அதிகம். நல்ல உதை நாலரை விநாடி வானத்தில் நிற்கும். புவியீர்ப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அதற்குப் பந்து 25 மீட்டர், அதாவது எட்டு மாடி உயரம் ஏறியிறங்க வேண்டும். அந்த நாலரை விநாடிக்குள் உதைத்த அணியின் வேகமான ஓட்டக்காரர்கள் நாற்பது கெஜத்தைக் கடந்து, பந்து இறங்கும் இடத்தில் எதிராளியின் முகத்துக்கு நேரே நிற்பார்கள். இந்த லீக்கில் சேர வரும் இளைஞர்களின் வேகத்தை நாற்பது கெஜ ஓட்டத்தில் சோதிக்கும் வழக்கம் இந்தக் கணக்கிலிருந்தே வந்தது என்று சொல்வார்கள்.

நான்காவது டவுனில் முயலாமல் பண்டோ ஃபீல்டு கோலோ உதைப்பது உண்மையிலேயே புத்திசாலித்தனமா? பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006-இல் வெளியான தன் ஆய்வில் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தார். அவர் எடுத்த உதாரணம் ஒன்று: ஆட்டத்தின் ஆரம்பம், நான்காவது டவுன், எண்ட் ஸோனுக்கு இரண்டே கெஜம். ஃபீல்டு கோல் உதைத்தால் மூன்று புள்ளி ஏறக்குறைய நிச்சயம். டச்டவுனுக்கு முயன்றால் கைகூடும் வாய்ப்பு ஏழில் மூன்று; கைகூடினால் கூடுதல் புள்ளியோடு ஏழு. ஏழை ஏழில் மூன்றால் பெருக்கினால் அதுவும் மூன்றுதான். சராசரியில் இரண்டும் சமம். ஆனால் உதைத்தால் அடுத்து எதிராளி வசதியான இடத்திலிருந்து தொடங்குவார். முயன்று தோற்றாலோ தன் எண்ட் ஸோனுக்கு இரண்டு கெஜத்தில் முதுகு சுவரில் ஒட்ட நிற்பார். ஆகவே முயல்வதே மேல். அந்தக் காலப் பயிற்சியாளர்கள் ஏறக்குறைய அனைவரும் உதைத்தார்கள். முயன்று தோற்ற பயிற்சியாளரைத்தான் திங்கட்கிழமை பத்திரிகை திட்டும், உதைத்தவரை யாரும் எதுவும் சொல்வதில்லை. இருபதே ஆண்டில் நிலைமை தலைகீழாகிவிட்டது. இன்று ஒவ்வொரு அணியிலும் நிகழ்தகவு கணக்குப் போட ஆள் வைத்திருக்கிறார்கள். நான்காவது டவுனில் துணிந்து முயல்வது சாதாரணமாகிவிட்டது.

டவுன் தொடங்கும் நொடியில் கேமரா பந்தைத் தொடர்ந்து போய்விடுவதால் நாம் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: கோட்டில் எதிரெதிரே குந்தி நிற்கும் பெரிய உடம்புக்காரர்கள். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறார்கள். பந்து அசைந்ததும் இருவர் மோதுகிறார்கள். வெல்வது யார்? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இருவர் மேலும் விழும் விசை சமம்தான். ஒருவர் பின்னால் போவதும் மற்றவர் முன்னால் வருவதும் காலுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வில் முடிவாகிறது. தாழ்வாக நுழைந்தவர் எதிராளியைச் சற்று மேல்நோக்கித் தள்ளுகிறார். அந்த மேல்நோக்கிய பங்கு எதிராளியின் பாரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்குகிறது. தரையை அழுத்தும் விசை குறைந்தால் உராய்வும் குறையும். அதே எதிர்விசை தாழ்ந்தவரைக் கீழ்நோக்கி அழுத்தி அவர் பிடியை இறுக்குகிறது. ஒரே தள்ளலில் அவனுக்குப் பிடி போகிறது, இவனுக்குப் பிடி கூடுகிறது. 'தாழ்ந்தவன் ஜெயிப்பான்' என்று பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவதில் ஆன்மிகம் ஏதும் இல்லை, உராய்வுக் கணக்குதான்.

அந்தச் சுவருக்குப் பின்னால் நிற்பவர் குவார்ட்டர்பேக். தாக்குதலின் மூளை அவர். பந்து அவர் கைக்கு வந்ததிலிருந்து சுவர் இடிய இரண்டரை, மூன்று விநாடி ஆகும். அதற்குள் ஓட்டக்காரரிடம் கொடுக்க வேண்டும், அல்லது முன்னால் எறிய வேண்டும். முன்னால் எறிவது ஒரு டவுனுக்கு ஒரு தடவைதான், அதுவும் கோட்டுக்குப் பின்னால் நின்று. பந்தை மைதானத்தில் நிற்கும் ஆளை நோக்கி எறிவதில்லை. பந்து விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் போகிறது, 20 மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் ஓடிக்கொண்டிருக்கும் சகவீரர் எட்டு மீட்டர் தள்ளிப் போயிருப்பார். ஆகவே யாருமே இல்லாத வெற்றிடத்தைக் குறிவைத்து எறிகிறார்கள். அங்கே ஆள் வந்து சேர்கிறார். பல சமயம் அவர் திரும்பிப் பார்க்கும் முன்பே பந்து கிளம்பியிருக்கும்.

முன்னோக்கி எறிவதை விதி அனுமதித்தது 1906-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு மட்டும் பதினெட்டுக்குக் குறையாத இளைஞர்கள் ஆட்டத்தில் செத்துப்போயிருந்தார்கள். எல்லோரும் கைகோத்துக் குவியலாகப் பாயும் காலம் அது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1905 அக்டோபரில் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கூட்டத்தைச் சிதறவைக்க எறிதலை அனுமதித்தார்கள். பந்து வானத்துக்குப் போனதும் ஆட்டம் அகலமாக விரிந்தது.

எறியப்பட்ட பந்தில் அறிவியல் மண்டிக்கிடக்கிறது. இரு முனையும் கூர்ந்த பந்து, நீளம் 28 சென்டிமீட்டர், எடை 400 கிராமுக்குச் சற்று மேல். நல்ல குவார்ட்டர்பேக் விரல் நுனியால் அதைச் சுழற்றி விடும்போது நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் சுழல்கிறது. சுழல்வதால் மூக்கு முன்னால் நிற்கிறது, பந்து குட்டிக்கரணம் அடிப்பதில்லை. அகலவாக்கில் போகும் பந்தைவிட மூக்கு முன்னால் போகும் பந்துக்குக் காற்றின் தடை பல மடங்கு குறைவு.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. சுழலும் பொருள் தன் அச்சின் திசையை விட்டுக்கொடுக்காது. மூக்கை மேல்நோக்கி வைத்து எறிந்தால், பந்து உச்சிக்குப் போய் இறங்கும்போதும் மூக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் டிவியில் பாருங்கள், இறங்கும் பந்தின் மூக்கு பாதையோடு வளைந்து கீழே பார்க்கிறது. அச்சைத் திருப்பியது யார்? ரிச்சர்ட் பிரைஸ், வில்லியம் மாஸ், டிமோதி கே என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2020-இல் இதற்கு விடையை விரிவாக எழுதினார்கள். பாதை வளையத் தொடங்கியதும் காற்று மூக்குக்கு அடியில் தட்டி அதை இன்னும் மேலே தூக்கப் பார்க்கிறது. சுழலாத பந்தாக இருந்தால் அந்தத் தட்டலில் கவிழ்ந்துவிடும். சுழலும் பந்து பம்பரம் மாதிரி: தள்ளிய திசையில் விழாமல் அதற்குக் குறுக்கே நகர்கிறது. சாயும் பம்பரத்தின் தலை வட்டம் போடுவதுபோல் பந்தின் மூக்கும் பாதையின் திசையைச் சுற்றி ஒரு சிறு கூம்பு வரைந்துகொண்டே போகிறது. பாதை கீழே வளைய வளைய அந்தக் கூம்பும் கூடவே வளைகிறது. பந்தைக் கவிழ்க்க வந்த காற்றே அதற்கு வழிகாட்டியாகிவிடுகிறது. காற்றில்லாத நிலாவில் எறிந்தால் மூக்கு மேலே பார்த்தபடியேதான் தரையிறங்கும்.

காற்று என்றதும் பெங்களூருவின் உயரத்தைப் பேசாமல் இருக்க முடியாது. நகரம் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால் காற்றின் அடர்த்தி ஏழெட்டு சதவீதம் குறைவு. சின்னசாமி அரங்கில் சிக்ஸர்கள் மழையாய்ப் பொழிவதற்குப் பக்கத்திலேயே இருக்கும் எல்லைக்கோட்டுக்குத்தான் முதல் பங்கு. மெலிந்த காற்றுக்கும் சிறு பங்கு உண்டு. அமெரிக்காவில் இந்த உண்மையைச் சொல்லும் ஊர் டென்வர், உயரம் 1,600 மீட்டர். 1970-இல் டாம் டெம்ப்சி நியூ ஆர்லியன்ஸில் 63 கெஜத்திலிருந்து ஃபீல்டு கோல் உதைத்தார். அந்தச் சாதனையைச் சமன்செய்ய 28 ஆண்டு ஆனது. 1998-இல் சமன்செய்தவர் ஜேசன் ஈலம், இடம் டென்வர். 2011-இல் மறுபடி சமன்செய்தவர் செபாஸ்டியன் ஜானிகவுஸ்கி, அவரும் டென்வரில். 2013 டிசம்பரில் 64 கெஜம் உதைத்துச் சாதனையை முறியடித்த மாட் பிரேட்டரும் டென்வரில்தான். பிறகு தாழ்வான ஊர்களிலும் அதைத் தாண்டிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலின் திறமைக்கு முன்னால் காற்றின் சலுகை சிறியதுதான். பெங்களூருவில் அந்தச் சலுகை டென்வரில் கிடைப்பதைவிடக் குறைவு. நீண்ட உதைக்கு ஒன்றிரண்டு கெஜம் கூடக் கிடைக்கலாம். ஆனால் பந்து கம்பத்தை மயிரிழையில் தாண்டும் இடத்தில் ஒரு கெஜம் சின்ன விஷயம் இல்லை.

உயரம் பந்துக்கு உள்ளேயும் வேலை செய்கிறது. விதிப்படி பந்தின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு. இது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்ற கணக்கு. சென்னையில் 32 டிகிரி வெயிலில் சரியாக 13 பவுண்டு அடைத்த பந்தை ரயிலில் பெங்களூருவுக்குக் கொண்டுவந்து, 24 டிகிரியில் அளந்தால் என்ன காட்டும்? குளிர்ந்ததால் உள்ளே அழுத்தம் முக்கால் பவுண்டு குறையும். வெளிக்காற்றோ ஒன்றரைப் பவுண்டு இளைத்திருக்கும். கழித்துக் கூட்டினால் மானி 13.7, 13.8 காட்டும். யாரும் கை வைக்காமலே பந்து விதியை மீறிவிட்டது.

இதற்கு நேரெதிரான ஒன்று அமெரிக்காவில் தேசியச் சண்டையாகவே ஆனது. 2015 ஜனவரி 18 அன்று நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் பந்துகள் பாதி ஆட்டத்தில் அளந்தபோது 11 பவுண்டுவாக்கில் இருந்தன. கைக்கு இசைவாக இருக்கக் காற்றைத் திறந்துவிட்டார்கள் என்று குற்றச்சாட்டு. அறை வெப்பத்தில் 12.5 அடைத்த பந்து பத்து டிகிரிக்கும் குறைந்த குளிரில் தானாகவே ஒரு பவுண்டுக்கு மேல் இழக்கும் என்பது பதினொன்றாம் வகுப்பு வாயு விதி. அந்த விதி முழு வித்தியாசத்தையும் விளக்குகிறதா, ஒரு பகுதியை மட்டுமா என்பதில் நிபுணர்கள் இரண்டாகப் பிரிந்து நீதிமன்றம்வரை போனார்கள். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி கடைசியில் நான்கு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். ஆட்டத்துக்கு முன்னால் அளந்த எண்களை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதுதான் இந்த வழக்கின் அழகு. எட்டாம் வகுப்பு ஆய்வகத்தில்கூட அந்த நோட்டுக்கு மார்க் போடமாட்டார்கள்.

மோதலின் கணக்கு அவ்வளவு வேடிக்கையானது இல்லை. 110 கிலோ ஆள் விநாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் வந்து ஐந்தில் ஒரு விநாடியில் நிறுத்தப்பட்டால், அந்த நேரம் முழுவதும் அவர் மேல் விழும் சராசரி விசை ஏறக்குறைய 450 கிலோ எடைக்குச் சமம். நிற்கும் நேரம் பாதியானால் விசை இரட்டிப்பாகும். தோள் அட்டையும் தலைக்கவசத்தின் உள்மெத்தையும் செய்வதெல்லாம் அந்த நேரத்தைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி நீட்டுவதுதான். கவசம் மண்டையோடு உடைவதைத் தடுத்தது. ஆனால் மண்டைக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை, தலை சடாரென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் உள்ளே குலுங்கி முறுக்கிக்கொள்வதைத் தடுக்க முடியவில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் தூணாக இருந்த மைக் வெப்ஸ்டர் மனம் சிதைந்து 2002-இல் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த நோய்க்குறியியல் மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, தொடர்ந்து அடிபட்டதால் வரும் சிதைவு என்று 2005-இல் எழுதினார். லீக் முதலில் அவர் மேல் பாய்ந்தது. 2017-இல் பாஸ்டனில் நடந்த ஆய்வு, இந்த லீக்கில் ஆடிய 111 பேரின் மூளையில் 110-இல் அதே சிதைவைக் கண்டது. ஏற்கெனவே அறிகுறி கண்டு குடும்பத்தார் தானமாகக் கொடுத்த மூளைகள்தான் பெரும்பாலும் ஆய்வுக்கு வந்தவை என்பதால், ஆடிய எல்லோருக்கும் இந்த விகிதம் என்று கொள்ளக்கூடாது. கொள்ளாவிட்டாலும் அது பயமுறுத்தும் எண்தான். 2024-இல் தொடக்க உதைக்கான விதியை மாற்றி, இரு அணியும் நெடுந்தூரம் ஓடிவந்து மோதாதபடி சில கெஜ இடைவெளியிலேயே எதிரெதிரே நிறுத்திவிட்டார்கள். வேகம் பாதியானால் மோதும் ஆற்றல் கால்பங்காகிவிடும்.

நம் ஊருக்கு இந்த ஆட்டம் மறுபடி வருமானால் கவசம் போட்டுக்கொண்டு வரும் என்று நான் நினைக்கவில்லை. 2023 அக்டோபர் 16 அன்று மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்க ஐந்து விளையாட்டுகளுக்கு ஒப்புதல் தந்தது. நம் செய்தித்தாள்கள் கிரிக்கெட்டைக் கொண்டாடின. அதே பட்டியலில் ஃப்ளாக் ஃபுட்பால் இருந்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இதில் ஆளைச் சாய்ப்பது கிடையாது. ஒவ்வொருவர் இடுப்பிலும் இருபுறமும் துணிப்பட்டை தொங்கும். பந்து வைத்திருப்பவரின் பட்டையை உருவிவிட்டால் டவுன் முடிந்தது. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். நான்கு டவுனுக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால் டச்டவுனுக்கு இன்னொரு நான்கு. குவார்ட்டர்பேக் பந்தோடு தானே கோட்டைத் தாண்டி ஓடக்கூடாது. அவர் மேல் பாய நினைப்பவர் கோட்டிலிருந்து ஏழு கெஜம் பின்னால் நின்றுதான் தொடங்க வேண்டும். 140 கிலோ உடம்புக்கு இங்கே வேலை இல்லை. சட்டென்று திரும்பும் இடுப்பும், குனிந்து பட்டையைப் பறிக்கும் கையும் போதும். கபடி ஆடிய பிள்ளைகளுக்கு இரண்டையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடுகளம் எண்ட் ஸோன்களோடு சேர்த்து 70 கெஜ நீளம், 25 கெஜ அகலம்தான். ஒரு ஹாக்கி மைதானத்துக்குள் இரண்டு வரையலாம். பெங்களூருவில் இடம் கிடைக்கிற விலையில் இதுவும் கவனிக்க வேண்டிய விஷயம். லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு ஆறு அணி, பெண்களுக்கு ஆறு அணி இடம்பெறும்.